ஓரம் கருகுது, நடுவுல சில்லுன்னு இருக்குது!

கேள்வி: எட்டுப் பேருக்குக் கொத்துக்கறி லசானியா (பாஸ்தாத் தகடுகளையும் சாஸையும் மாற்றி மாற்றி அடுக்கி ஓவனில் பேக் செய்வது) செய்ய வேண்டும். விருந்தன்று கை ஓடாது என்று போன முறை முதல் நாளே பேக் செய்து ஃபிரிட்ஜில் வைத்தேன். மறுநாள் 220 டிகிரியில் இருபது நிமிடம் சூடாக்கினேன். ஓரம் கருகிவிட்டது, மேலே சீஸ் ரப்பர் மாதிரி இழுத்தது, நடுவிலோ சில்லென்று இருந்தது. சாஸ் இருந்த இடமே தெரியவில்லை. இந்த முறை பேக் செய்யாமல் அடுக்கி மட்டும் வைத்தால் சரியாக வருமா? சூட்டோடு ஃபிரிட்ஜில் வைக்கக் கூடாதென்று இரவு முழுக்க வெளியே ஆறவிடலாமா?

பதில்: கடைசிக் கேள்விக்கு முதலில் பதில்: வேண்டவே வேண்டாம். இறைச்சியும் பாலும் மாவும் சேர்ந்த உணவு இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெளியே இருக்கக் கூடாது. சமையல் சூட்டுக்கும் தப்பிப் பிழைக்கும் கிருமி வித்துகள் உண்டு. உணவு வெதுவெதுப்பாகக் கிடக்கும் நேரத்தில் அவை முளைத்துப் பெருகும். மறுநாள் சூடாக்கினால் கிருமி செத்துவிடும்தான். ஆனால் அவற்றில் சில வகை விட்டுவைக்கும் நஞ்சு ஓவன் சூட்டுக்கு அழியாது. ஆகவே பாத்திரத்தைக் கம்பித் தட்டின் மேல் வைத்து, அடியிலும் காற்று படும்படி முக்கால் மணி நேரம் ஆறவிடுங்கள். லேசான சூடு மிச்சமிருந்தாலும் பரவாயில்லை, ஃபிரிட்ஜில் வைத்துவிடலாம். ஆவி அடங்கும் முன் இறுக்கி மூடினால் மூடியில் நீர் கோத்து மேலே சொட்டும். அதனால் ஆறிய பிறகே மூடுங்கள்.

அடுத்து, அடுக்கி மட்டும் வைப்பது. தாராளமாகச் செய்யலாம், 24 மணி நேரத்துக்குள் பேக் செய்துவிட வேண்டும். ஆனால் அடுக்கும்போது கறி சாஸ், ஒயிட் சாஸ் இரண்டும் நன்றாக ஆறியிருக்க வேண்டும். சூடான சாஸை ஐந்து செ.மீ. உயரத்துக்கு அடுக்கி உள்ளே தள்ளினால் நடுப்பகுதி குளிர மணிக்கணக்காகும். மறுநாள் பேக் செய்யவும் ஒன்றேகால் மணி நேரமாவது பிடிக்கும். முன்பே பேக் செய்ததைச் சூடாக்க ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் கூட ஆகும். நேரத்தில் பெரிய லாபம் இல்லை. இருந்தாலும் என் ஓட்டு முதல் நாளே பேக் செய்வதற்குத்தான்: ஒரு நாள் குளிர்ந்து இறுகிய லசானியா வெட்டும்போது சரியாது, உப்பு குறைந்திருந்தாலும் முதல் நாளே தெரிந்துவிடும்.

சாஸ் காணாமல் போனதற்குக் காரணம் பாஸ்தா. ஃபிரிட்ஜில் இருக்கும்போதும் அது ஈரத்தை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். ஒயிட் சாஸில் உள்ள மாவும் குளிரில் கெட்டியாகும். எனவே இரண்டு சாஸையும் வழக்கத்தைவிட நீர்க்கச் செய்ய வேண்டும். 23 × 33 செ.மீ. பாத்திரத்துக்கு ஒயிட் சாஸுக்கு 60 கிராம் வெண்ணெய், 60 கிராம் மைதா, அதற்கு வழக்கமான 750 மில்லி பாலுக்குப் பதில் ஒரு லிட்டர். கறி சாஸ் சுமார் ஒன்றரை லிட்டர் வேண்டும். கரண்டியால் சட்டியின் அடியில் ஒரு கோடு இழுத்தால் அது உடனே மூடிக்கொள்கிற பதத்தில் இறக்குங்கள். கோடு அப்படியே நின்றால் ஒரு கப் ஸ்டாக் (எலும்போ காய்கறியோ வேகவைத்து வடித்த நீர்) ஊற்றுங்கள். பாத்திரத்தின் அடியில் கொஞ்சம் சாஸ் தடவிவிட்டு அடுக்கத் தொடங்குங்கள். பாஸ்தாத் தகட்டின் மூலைகள் சாஸுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் அவை மறுநாள் பல்லை உடைக்கும்.

முதல் நாள் மேல் அடுக்கு ஒயிட் சாஸோடு நிற்கட்டும், சீஸ் தூவ வேண்டாம். இரண்டு முறை சூடுபட்ட சீஸ்தான் எண்ணெய் கக்கி ரப்பராகிறது. மூடி, 180 டிகிரியில் 40 முதல் 45 நிமிடம் பேக் செய்யுங்கள். கத்தி தடையில்லாமல் இறங்கி, ஓரங்களில் கொதி வந்தால் போதும். மேலே சிவக்க விடும் வேலை நாளைக்கு.

தக்காளி சேர்ந்த கறி சாஸ் மேல் அலுமினியம் ஃபாயில் நேராகப் படக் கூடாது. புளிப்பு அதை அரித்துப் பொத்தலாக்கிவிடும். இடையில் ஒரு பட்டர் பேப்பர் விரித்து, அதன் மேல் ஃபாயிலை மூடுங்கள்.

இனி சூடாக்கும் முறை. போன முறை நடந்த தவறு 220 டிகிரிதான். இறுகிய லசானியாவுக்குள் சூடு மிக மெதுவாகவே நகரும். ஓவனைக் கூட்டினால் நடுப்பகுதி சீக்கிரம் சூடாகாது, ஓரம்தான் சீக்கிரம் கருகும். பாத்திரத்தை அரை மணி நேரம் முன்பே வெளியே எடுத்து வையுங்கள். கண்ணாடிப் பாத்திரம் என்றால் இது கட்டாயம்: சில்லென்ற கண்ணாடி நேராகச் சூடான ஓவனுக்குள் போனால் விரிசல் விட்டு உடையலாம். ஓரங்களைச் சுற்றி மூன்று மேசைக்கரண்டி பால் ஊற்றி, மூடி, முன்பே சூடாக்கிய ஓவனில் 165 டிகிரியில் 50 முதல் 60 நிமிடம் வையுங்கள். மின்விசிறி ஓடும் ஓவன் என்றால் 20 டிகிரி குறைத்துக்கொள்ளுங்கள். நடுவில் 74 டிகிரி வர வேண்டும். உணவுத் தெர்மாமீட்டர் இல்லையா? நடுவில் கத்தியைப் பத்து விநாடி செருகி எடுத்துத் தொட்டுப் பாருங்கள், விரலைச் சட்டென்று இழுக்கும் அளவுக்குச் சுட வேண்டும். வெதுவெதுப்பு போதாது.

அதன் பிறகே மூடியை எடுத்து, 200 கிராம் மொசரெல்லா சீஸும் கொஞ்சம் பார்மெசான் சீஸும் தூவி, 200 டிகிரியில் பத்துப் பதினைந்து நிமிடம் சிவக்க விடுங்கள். வெளியே எடுத்ததும் வெட்டினால் சாஸ் ஓடிவிடும், பதினைந்து நிமிடம் பொறுங்கள். விருந்தினர் தாமதமானால் கவலையில்லை. சீஸ் போடும் முன் மூடியபடியே ஓவனில் 100 டிகிரியில் அரை மணி நேரம் காத்திருக்கும்.

மிச்சமானதைத் துண்டுகளாக எடுத்து வைத்து, பேக் செய்த நாளிலிருந்து மூன்று, நான்கு நாளுக்குள் முடித்துவிடுங்கள். முழுப் பாத்திரத்தையும் மறுபடி சூடாக்க வேண்டாம், தேவையான துண்டை மட்டும் மைக்ரோவேவில் மூடி வைத்துச் சூடாக்கினால் போதும்.