மெடிக்கலில் 'இல்லை' என்றால் அடுத்து எங்கே?

கேள்வி: தஞ்சாவூரில் விடுதியில் தங்கி எம்.எஸ்சி. படிக்கிறேன். வயது 22. சனிக்கிழமை இரவு 10 மணிக்கு ஆணுறை கிழிந்துவிட்டது. இன்று திங்கள் காலை. மூன்று மெடிக்கலில் கேட்டேன், அவசரக் கருத்தடை மாத்திரை இல்லை என்கிறார்கள். கோயில் திருவிழாவுக்காக மாதவிடாயைத் தள்ளிப்போட வாங்கிய மாத்திரை தோழியிடம் இருக்கிறது. அதைப் போடலாமா டாக்டர்?

பதில்: வேண்டாம்மா. அது நாரெத்திஸ்டிரோன்; அவசரக் கருத்தடைக்கு உரியதல்ல. அதைப் போட்டால் இன்னொரு சிக்கலும் உண்டு. நாள் தள்ளிப்போனது மாத்திரையாலா, கரு உண்டானதாலா என்று தெரியாமலே வாரங்கள் ஓடிவிடும்.

உங்களுக்குத் தேவை லெவோநார்ஜெஸ்ட்ரல் 1.5 மி.கி., ஒரே மாத்திரை. உறவு நடந்து 72 மணி நேரத்துக்குள் போட வேண்டும்; அந்தக் கெடு நாளை இரவு 10 மணிக்கு முடிகிறது. ஆனாலும் நாளை வரை காத்திருக்காதீர்கள். கருமுட்டை வெளியேறுவதைத் தள்ளிப்போடுவதுதான் இந்த மாத்திரையின் வேலை. முட்டை வந்துவிட்டால் பலன் இல்லை. இதற்கு மருந்துச்சீட்டு தேவையில்லை, ஆனால் தமிழ்நாட்டில் பல கடைகள் வைத்திருப்பதில்லை. நான்காவது கடைக்கு அலையாமல், இன்றே ராசா மிராசுதார் அரசு மருத்துவமனைக்கோ பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ போய் மருத்துவரிடம் நேராகக் கேளுங்கள். மணமாகவில்லை என்பது மறுக்கக் காரணமே ஆகாது.

அங்கும் கிடைக்காவிட்டால் தினமும் போடும் கருத்தடை மாத்திரையான மாலா-என் உதவும். 4 மாத்திரை உடனே, 12 மணி நேரம் கழித்து இன்னொரு 4. ஹார்மோன் மாத்திரைகளை மட்டும் எண்ணுங்கள். அட்டையின் கடைசி 7 வெறும் இரும்புச்சத்து. பலன் சற்றுக் குறைவு, குமட்டல் அதிகம். எந்த மாத்திரையானாலும் 2 மணி நேரத்துக்குள் வாந்தி எடுத்தால் அந்த வேளை மாத்திரையை மறுபடி போட வேண்டும். ரத்தக்குழாயில் ரத்தம் உறைந்து அடைப்பு வந்தவர்கள் மருத்துவரைக் கேட்காமல் மாலா-என் போடக்கூடாது.

எல்லாவற்றையும்விட நம்பகமானது கருப்பைக்குள் வைக்கும் காப்பர்-டி. 5 நாளுக்குள், அதாவது வியாழன் இரவுக்குள் பொருத்திக்கொள்ளலாம். உடல் எடை அதிகமானவர்களுக்கும், காசநோய்க்கு ரிஃபாம்பிசினோ வலிப்புக்கு ஃபெனிட்டாய்ன், கார்பமசெபினோ சாப்பிடுபவர்களுக்கும் லெவோநார்ஜெஸ்ட்ரலின் பலன் குறையும் என்பதால், அவர்களுக்கு இதையே சொல்வேன்.

மாத்திரை போட்ட சில நாளில் லேசாக ரத்தம் பட்டால் தப்பித்துவிட்டோம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். மாதவிடாய் 7 நாளுக்கு மேல் தள்ளினால், அல்லது உறவு நடந்து 3 வாரம் ஆனதும், காலை முதல் சிறுநீரில் பரிசோதனை செய்யுங்கள். அடிவயிற்றில் ஒரு பக்கம் கடும் வலியோ மயக்கமோ வந்தால் உடனே மருத்துவமனைக்குப் போங்கள். கரு உறுதியானாலும் கருக்கலைப்பு மாத்திரையைக் கடையில் வாங்கிப் போடாதீர்கள். 18 வயது நிறைந்த பெண்ணின் சம்மதம் மட்டுமே சட்டத்துக்குப் போதும். பெற்றோர் கையெழுத்து வேண்டியதில்லை.

இந்த மாத்திரைகள் தொற்றைத் தடுக்காது. துணைவருக்கு எச்.ஐ.வி. இருக்குமோ என்ற ஐயம் இருந்தால் அதற்கான தடுப்பு மருந்துக்கும் அதே 72 மணிதான் கெடு. மருத்துவரிடம் அதையும் இன்றே சொல்லுங்கள். பிறகு செய்யும் எச்.ஐ.வி. பரிசோதனை அரசு மருத்துவமனை நம்பிக்கை மையத்தில் இலவசம்.

ஆணுறை ஏன் கிழிந்தது என்றும் பாருங்கள். தேங்காய் எண்ணெய் தடவினால் ரப்பர் இளகிக் கிழியும். மணிபர்சில் நாள்கணக்கில் வைத்த உறையும் சூட்டில் நைந்துவிடும்.