ஈரக்காத்துல விரியுற சுருள் முடிக்கு

வணக்கம். குளிர்காலத்துல அழகா சுருண்டு நின்ன முடி, காத்துல ஈரம் ஏறினதும் பஞ்சு மாதிரி விரியுது, அதனால லீவ்-இன் கிரீமை (குளிச்சதும் தடவி, அலசாம அப்படியே விடுற கிரீம்) இன்னும் அதிகமாப் போடுறேன்னு எழுதியிருக்கீங்க. முதல்ல அந்தக் கிரீமைக் குறைங்க. காத்துல இருக்கிற ஈரத்தை முடி உறிஞ்சும்போது, சுருளைப் பிடிச்சு வெச்சிருக்கிற ஹைட்ரஜன் பிணைப்புகள் (முடிக்குள்ள இருக்கிற, தண்ணி பட்டா விடுற லேசான இணைப்புகள்) விட்டுப்போய் வேற வடிவத்துல சேருது. காலையில இருந்த சுருள் மதியம் நிக்காததுக்குக் காரணம் அதுதான்.

லீவ்-இன், ஜெல் ரெண்டோட லேபிளையும் பாருங்க. அதுல இருக்கிற பொருள்களோட பட்டியல்ல கிளிசரின் முதல் நாலஞ்சு இடத்துக்குள்ள இருந்தா இப்போதைக்கு ஒதுக்கி வைங்க. அது ஈரத்தை இழுக்கும். பதிலா நல்லா இறுக்கிப் பிடிக்கிற ஜெல் வாங்குங்க. போடுற விதம்தான் முக்கியம். முடியில தண்ணி சொட்டிக்கிட்டு இருக்கும்போதே பகுதி பகுதியாப் பிரிச்சுத் தடவி, நுனியிலேர்ந்து மேல்நோக்கிக் கசக்கி விடுங்க. முழுசாக் காயுற வரைக்கும் தொடவே கூடாது. காய்ஞ்சதும் மொறமொறன்னு நிக்கும், பயப்படாதீங்க. உள்ளங்கையில ரெண்டு சொட்டு எண்ணெயைத் தேய்ச்சு மெதுவாக் கசக்கினா மொறமொறப்பு போயிடும், சுருள் அப்படியே இருக்கும்.

இதுவரை சேர்ந்திருக்கிற கிரீம் படிவைப் போக்க ஒரு தடவை கிளாரிஃபையிங் ஷாம்பு போட்டுட்டு ஆரம்பிங்க.

இன்னொண்ணு, வானிலை ஆப்ல ஈரப்பத சதவீதத்தை விட டியூ பாயின்ட்டை (காத்துல இருக்கிற ஈரம் பனித்துளியா மாற ஆரம்பிக்கிற வெப்பநிலை) பாருங்க. அது சுமார் 16 டிகிரி செல்சியஸைத் தாண்டுற நாள்ல இந்த முறை. நல்லா இறங்கி காத்து வறண்டதும் பழைய கிரீமையே தாராளமா எடுக்கலாம்.