மூன்று படிகளுக்குச் சாய்தளம் எத்தனை நீளம் வேண்டும்?

வணக்கம். சக்கர நாற்காலியில் செல்லும் உங்கள் அம்மாவுக்காகக் குடியிருப்பு வாசலின் மூன்று படிகள் மீது ஒன்றரை மீட்டர் சாய்தளம் போட்டிருப்பதாகவும், அதில் ஏற முடியவில்லை என்றதும் 'நாங்கள் தூக்கிவிடுகிறோம்' என்று நிர்வாகக் குழுவினர் சொன்னதாகவும் எழுதியிருந்தீர்கள். குறை அம்மாவின் கைவலிமையில் இல்லை. சாய்தளத்தின் அளவில்தான் இருக்கிறது.

படி ஒன்றுக்கு 15 செ.மீ. என்றால் மொத்த உயரம் 45 செ.மீ. பரவலாகப் பின்பற்றப்படும் 1:12 விகிதப்படி (ஒரு பங்கு உயரத்துக்குப் பன்னிரண்டு பங்கு நீளம்) அதற்கு 5.4 மீட்டர் நீளம் தேவை. இப்போதுள்ளதோ ஏறத்தாழ 1:3; அத்தகைய சரிவில் ஏறும்போது முன்சக்கரங்கள் எழும்பி நாற்காலி பின்பக்கமாகக் கவிழக்கூடும் என்பதால், பின்னால் ஒருவர் பிடித்திருந்தாலும் தயவுசெய்து அதைப் பயன்படுத்த வேண்டாம். நேராக இடமில்லையென்றால் சுவரோரமாகத் திருப்பி, திருப்பத்தில் 1.5 மீட்டர் சமதளம் விட்டுக் கட்டலாம். கதவுக்கு முன்னாலும் அதே அளவு சமதளம் வேண்டும் (பெரும்பாலும் இதைத்தான் மறந்துவிடுகிறார்கள்). இல்லாவிட்டால், ஒரு கையால் கதவைத் திறக்கும்போது நாற்காலி பின்னோக்கி உருளும்.

தூக்கிவிடும் யோசனையை என்னால் ஏற்க முடியவில்லை. வெளியே செல்ல ஒவ்வொரு முறையும் இரண்டு பேரை அழைத்துக் காத்திருக்க நேர்பவர், மெல்ல மெல்ல வெளியே செல்வதையே குறைத்துக்கொள்வார். 2006-இல் ஐ.நா. பொதுச்சபை ஏற்ற மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கை, அளவுக்கு மீறிய சுமை தராத நியாயமான ஏற்பாட்டை மறுப்பதையும் பாகுபாடாகவே கருதுகிறது. இதைக் குறிப்பிட்டு, படிகளின் புகைப்படத்தையும் அளவுகள் குறித்த வரைபடத்தையும் இணைத்து, குழுவுக்கு எழுத்து மூலம் விண்ணப்பித்து, எந்தத் தேதிக்குள் பதில் தருவார்கள் என்றும் கேளுங்கள்.