பாடத் தெரியாவிட்டாலும் பாஸ்கா இரவில் வேலை இருக்கிறது

வணக்கம். நகரத்துக்குப் புதிது, பழைய பெரிய கத்தோலிக்கக் கோவிலில் யாரையும் தெரியாது, பாடவும் வராது, ஈஸ்டரில் எப்படிச் சேர்ந்துகொள்வது என்று கேட்டிருந்தீர்கள்.

பாட்டை விடுங்கள். ஈஸ்டருக்கு முந்தைய புனித வாரத்தில்தான் கோவிலுக்கு ஆள் அதிகம் தேவைப்படும். அந்த வாரம் தொடங்கும் குருத்தோலை ஞாயிறுக்கு முன்பே பங்குத்தந்தையைப் பார்த்து, "சனி இரவு மெழுகுதிரி வேலைக்கு நான் வரட்டுமா?" என்று கேளுங்கள். "ஏதாவது உதவி வேண்டுமா?" என்று பொதுவாகக் கேட்டால் "பார்க்கலாம்" என்ற பதிலோடு நின்றுவிடும்.

அன்றிரவுதான் பாஸ்கா திருவிழிப்பு, ஈஸ்டருக்கு முந்தைய இரவு வழிபாடு. வெளியே புது நெருப்பு மூட்டி, அந்த ஆண்டின் எண் பொறித்த பெரிய மெழுகுதிரியான பாஸ்கா திரியை ஏற்றி, இருட்டான கோவிலுக்குள் கொண்டுவருவார்கள். அதிலிருந்து ஒவ்வொருவர் கைத்திரிக்கும் சுடர் போகும். அந்த நூற்றுக்கணக்கான திரிகளுக்குக் காகித வளையம் மாட்டுவது யார்? அப்புறம் பெஞ்சில் சொட்டிய மெழுகை எடுப்பது யார்? பழைய மரத்தில் கத்தி வைக்காதீர்கள். நன்றாக இறுகிய பிறகு பிளாஸ்டிக் அட்டையின் விளிம்பால் மெல்ல நெம்பினால் பெயர்ந்து வரும். நான் என் பங்கில் முதன்முதலாகப் பேசிப் பழகியது பக்கத்தில் குனிந்து மெழுகு எடுத்தவர்களோடுதான்.

புனித வாரத்தில் முடியாவிட்டாலும் சரி, பெந்தகோஸ்து திருவிழா வரை ஈஸ்டர் காலம் 50 நாள். திருவிழிப்பில் திருமுழுக்கு (ஞானஸ்நானம்) பெற்றவர்கள் இருந்தால் அவர்களிடம் போய்ப் பேசுங்கள். அவர்களும் உங்களைப் போலப் புதியவர்கள்தான்.