அன்றைய மனநிலையா, இன்றைய மனநிலையா? விசாரணைத் தகுதி குறித்த கேள்வி பதில்

வடசென்னையில் குற்ற வழக்குகளை நடத்தும் வழக்கறிஞர் ஒருவர், அப்பகுதி வாசகர்களின் கேள்விகளுக்கு அளித்த பதில்கள்.

வியாசர்பாடி வாசகி: ஐயா, என் தம்பி அடிதடி வழக்கில் புழல் சிறையில் இருக்கிறான். அவனுக்குப் பல ஆண்டுகளாக மனச்சிதைவு நோய் உண்டு. கீழ்ப்பாக்கம் மருத்துவமனைச் சீட்டுகள் இருக்கின்றன. அவற்றைக் காட்டினால் வழக்கு தள்ளுபடி ஆகுமா?

பதில்: ஆகாது, அம்மா. இதில் இரண்டு கேள்விகள் உள்ளன. சம்பவ நேரத்தில் தான் செய்வது இன்னதென்றோ அது தவறென்றோ அறிய முடியாத நிலையில் அவர் இருந்தாரா என்பது ஒன்று. பாரதிய நியாய சன்ஹிதாவின் 22ஆம் பிரிவு (பழைய தண்டனைச் சட்டத்தின் 84) அதைப் பற்றியது, அதை நிரூபிக்கும் பொறுப்பும் உங்கள் தரப்புக்கே உரியது. இன்று அவர் குற்றச்சாட்டைப் புரிந்துகொண்டு, வக்கீலிடம் தன் தரப்பைச் சொல்லி, எதிர்வாதம் செய்ய வல்லவரா என்பது மற்றொன்று; இதைத்தான் விசாரணைத் தகுதி என்கிறோம். குற்ற வழக்கு நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 367 முதல் 378 வரையிலான பிரிவுகள் அதற்கானவை. அன்று நோயுற்றிருந்தவர் இன்று தெளிந்திருக்கலாம். அன்று தெளிவாக இருந்தவர் சிறையில் நிலைகுலைந்திருக்கலாம்.

சீட்டுகள் தொடக்கம் மட்டுமே. நடுவருக்கு (மாஜிஸ்திரேட்டுக்கு) ஐயம் எழ அவை போதும்; அதன்பின் அவர் மருத்துவப் பரிசோதனைக்கு அனுப்பி, மருத்துவரையே சாட்சியாக விசாரித்துப் பதிவுசெய்ய வேண்டும். ஆகவே நகல்களை வக்கீலிடம் கொடுத்து மனு போடச் சொல்லுங்கள்; மருந்து நின்றுவிடாதிருக்கச் சிறை மருத்துவரிடமும் ஒரு நகலைச் சேர்ப்பியுங்கள். ஊர் என்ன பேசுமோ என்று நோயை மறைக்கும் குடும்பங்கள் இங்கு ஏராளம். அந்த மறைப்பால் பாதிக்கப்படுபவர் உள்ளே இருப்பவர்தான்.

ராயபுரம் வாசகர்: மருத்துவர் எதை வைத்து முடிவு செய்கிறார்? நடித்துத் தப்பிக்க முடியாதா?

பதில்: நோயின் பெயர் முடிவைத் தீர்மானிப்பதில்லை. உன்மேல் என்ன வழக்கு, நீதிபதியின் வேலை என்ன, உன் வக்கீல் யாருக்காகப் பேசுகிறார், தண்டனை கிடைத்தால் என்ன ஆகும் என்பன போன்ற கேள்விகளுக்குக் கிடைக்கும் விடைகளே முக்கியம். காதில் குரல்கள் கேட்கும் ஒருவரும் இவற்றுக்குச் சரியாகப் பதில் சொல்லக்கூடும். அப்போது விசாரணை நடக்கலாம். தேதியும் இடமும் தெரிந்திருந்தால் மட்டும் போதாது, வக்கீலுடன் அறிவுபூர்வமாகக் கலந்து பேசவும் இயல வேண்டும் என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1960இல் டஸ்கி வழக்கில் கூறியது. அது நம்மைக் கட்டுப்படுத்தாது என்றாலும் விஷயத்தைச் சுருங்கச் சொல்கிறது. நடிப்பைப் பொறுத்தவரை, வார்டில் இரவும் பகலும் கவனிக்கப்படும்போது அதை நீடிப்பது கடினம்; நீடித்தாலும் வழக்கு தள்ளிப்போகுமே தவிர முடியாது.

தண்டையார்பேட்டை வாசகர்: மனநல மருத்துவரின் அறிக்கையை ஏற்க முடியாவிட்டால்?

பதில்: குற்றம் சாட்டப்பட்டவர் மருத்துவக் குழுவிடம் மேல்முறையீடு செய்யலாம். அருகிலுள்ள அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுத் தலைவரும், அருகிலுள்ள அரசு மருத்துவக் கல்லூரியின் மனநலப் பேராசிரியர் ஒருவரும் அதில் இருப்பார்கள்.

திருவொற்றியூர் வாசகி: தகுதியில்லை என்று நீதிமன்றம் முடிவு செய்தால், எத்தனை காலம் உள்ளே இருக்க வேண்டும்?

பதில்: முதலில், வழக்கில் முகாந்திரமே இல்லையென்றால் நீதிமன்றம் அவரை விடுவிக்க வேண்டும். முகாந்திரம் இருந்தால் சிகிச்சைக்குத் தேவையென மருத்துவர் கூறும் காலத்துக்கு விசாரணை ஒத்திவைக்கப்படும். அறிவுசார் குறைபாட்டால் எதிர்வாதம் செய்ய இயலாதவருக்கு விசாரணையே நடத்தப்படுவதில்லை. உள்நோயாளிச் சிகிச்சை தேவைப்படாதவரை, ஜாமீனில் விட முடியாத குற்றமாயினும், உறவினரோ நண்பரோ தவறாமல் சிகிச்சைக்கு அழைத்துச் செல்வதாகவும் அவர் எவருக்கும் தீங்கு செய்யாமல் பார்த்துக்கொள்வதாகவும் உறுதியளித்தால் வெளியே விடலாம்.

நான் அஞ்சுவது ஒத்திவைப்பை அல்ல, மறதியை. அசாமின் மச்சாங் லாலுங் 1951இல் கைதாகி, தேஜ்பூர் மனநல மருத்துவமனைக்கு அனுப்பப்பட்டார். 1967இல் அவர் தெளிந்துவிட்டதாக மருத்துவமனை சான்றளித்தும், விசாரணையே இன்றி 2005 வரை அடைபட்டிருந்தார். ஆகவே ஒவ்வொரு வாய்தாவிலும் புதிய மருத்துவ அறிக்கையைக் கேட்கும்படி வக்கீலை வற்புறுத்துங்கள். கேட்க ஆளில்லாத கோப்புதான் அடியில் போய்விடுகிறது.

மணலி வாசகர்: வக்கீல் வைக்க வசதியில்லை.

பதில்: காவலில் இருப்பவருக்கும் மாற்றுத்திறனாளிக்கும் 1987ஆம் ஆண்டுச் சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டத்தின் கீழ் வருமானம் எவ்வளவாயினும் இலவச வக்கீல் உண்டு. உயர் நீதிமன்ற வளாகத்தில் உள்ள ஆணைக்குழு அலுவலகத்தில் மனு கொடுங்கள்.

எருக்கஞ்சேரி வாசகி: குணமாகிவிட்டால் வழக்கு முதலிலிருந்து தொடங்குமா?

பதில்: நிறுத்திய விசாரணையை நீதிமன்றம் மீண்டும் தொடங்கி, அவரை முன்னிலைப்படுத்தச் சொல்லும். அவர் அப்போதும் இயலாதவராகத் தோன்றினால் தகுதி குறித்த விசாரணை மறுபடி நடக்கும். மருத்துவமனையில் தெளிந்து சிறைக்குத் திரும்பியபின் மாத்திரை நின்று மீண்டும் குலைபவர்கள் உண்டு என்பதால், திரும்பும் நாளிலேயே மருந்துச் சீட்டு சிறை மருத்துவரிடம் சேர்ந்ததா என்று வக்கீல் மூலம் விசாரித்து உறுதி செய்துகொள்ளுங்கள்.