ஆபீஸ் போய்வர ஒரு குட்டி எஸ்யூவி: வாசகர் கேள்வி, எங்கள் பதில்

கணவரோ மனைவியோ தினமும் வேலைக்கு ஓட்டிச் செல்ல, 4 மீட்டர் நீளத்துக்குள் அடங்கும் எஸ்யூவி வாங்குவது பற்றிய கேள்விகளுக்கு மட்டும் இந்த முறை பதில் சொல்கிறோம்.

என் மனைவிக்கு சிறுசேரியில் வேலை. மேடவாக்கத்திலிருந்து போக வர 40 கிலோமீட்டர். இதுவரை ஸ்கூட்டரில் போய்வந்தார். லைசென்ஸ் எடுத்து நான்கு வருடம் ஆகிறது, ஆனால் கார் அதிகம் ஓட்டியதில்லை. ஆன்-ரோடு 11 லட்சத்துக்குள் பஞ்ச், எக்ஸ்டர், ஃபிராங்க்ஸ், நெக்ஸான் நான்கையும் பார்த்து வைத்திருக்கிறேன். எதை எடுக்கலாம்? ஆட்டோமேட்டிக் அவசியமா?
வாசகர், மேடவாக்கம்

நான்கையும் பார்த்தது நீங்கள். ஓட்டப்போகிறவர் இன்னும் ஒன்றில்கூட உட்காரவில்லை என்று உங்கள் கேள்வியிலிருந்து தெரிகிறது. முதலில் அவரை ஷோரூமுக்கு அழைத்துப் போங்கள். பணம் கட்டுவது யாராக இருந்தாலும், தினமும் இரண்டு மணி நேரம் அந்த சீட்டில் உட்காரப்போவது அவர்தான்.

ஆட்டோமேட்டிக் அவசியம். சோழிங்கநல்லூர் சிக்னலிலும் மெட்ரோ வேலை நடக்கும் ஓ.எம்.ஆர். நெரிசலிலும் கார் பழகாத ஒருவர் கிளட்சோடு போராட வேண்டாம். ஆனால் ஆட்டோமேட்டிக் என்ற ஒரே பெயரில் நான்கு வகை விற்கிறார்கள். உங்கள் பட்ஜெட்டில் பெரும்பாலும் கிடைப்பது ஏ.எம்.டி. அதன் உள்ளே இருப்பது சாதாரண மேனுவல் கியர்பாக்ஸ்தான். கிளட்சை அழுத்தும் வேலையையும் கியர் மாற்றும் வேலையையும் காலுக்கும் கைக்கும் பதிலாக ஒரு கருவி செய்கிறது. அதனால்தான் முதல் கியரிலிருந்து இரண்டாவதுக்குப் போகும்போது ஒரு சின்னத் தலையாட்டல் இருக்கும். அந்த நொடியில் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை லேசாகத் தளர்த்தினால் ஆட்டம் பாதியாகக் குறையும். ஒரு வாரத்தில் கைவந்துவிடும்.

ஏ.எம்.டி.யைக் கெடுப்பது ரேம்ப். பேஸ்மென்ட் பார்க்கிங்கிலிருந்து ஏறும்போது முன்னால் வண்டி நின்றுவிட்டால், பலர் பிரேக்கை விட்டு ஆக்சிலரேட்டரை லேசாக மிதித்தே வண்டியைச் சரிவில் பிடித்து நிறுத்துவார்கள். கிளட்ச் பாதி ஒட்டியும் ஒட்டாமலும் உரசிச் சூடாகி, கருகல் நாற்றம் வரும். நிற்க வேண்டும் என்றால் பிரேக்கை மிதித்துத்தான் நிற்க வேண்டும். நீங்கள் எடுக்கும் வேரியன்ட்டில் ஹில் ஹோல்டு இருக்கிறதா என்று கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். பிரேக்கிலிருந்து காலை எடுத்தபின் ஓரிரு நொடி வண்டி பின்னால் உருளாமல் அது பிடித்துக்கொள்ளும்.

கிளட்சுக்குப் பதிலாக எண்ணெய் வழியே பலத்தைக் கடத்தும் டார்க் கன்வெர்ட்டர் இதைவிட மிருதுவானது, நெரிசலுக்கும் ஏற்றது. ஆனால் ஃபிராங்க்ஸில் அது டர்போ என்ஜினோடு மட்டுமே வருகிறது, விலை உங்கள் எல்லையைத் தாண்டும். மேக்னைட், கைகர் டர்போவில், தனித்தனி கியர் இல்லாமல் பெல்ட்டில் ஓடும் சி.வி.டி. உண்டு. அதில் தலையாட்டலே கிடையாது. உங்கள் பட்டியலில் அவை இல்லை, ஒருமுறை ஓட்டிப் பார்க்கச் சொல்லுங்கள்.

அடுத்து அகலம். டேப்பை எடுத்துக்கொண்டு உங்கள் அபார்ட்மென்ட் பார்க்கிங்குக்குப் போய், இரண்டு தூண்களுக்கு இடையே அளந்து பாருங்கள். கண்ணாடிகளைச் சேர்க்காமல் எக்ஸ்டர் 1,710 மி.மீ., பஞ்ச் 1,742, ஃபிராங்க்ஸ் 1,765, நெக்ஸான் 1,804. இடைவெளி 2,500 மி.மீ. என்றால் நெக்ஸானை நடுவில் நிறுத்தியபின் பக்கத்துக்கு 35 செ.மீ.கூட மிஞ்சாது. அதற்குள் கதவைத் திறந்து, புடவையோடும் லேப்டாப் பையோடும் இறங்க வேண்டும். பஞ்சின் கதவுகள் 90 டிகிரி வரை விரிவது பெரிய வசதி. ஆனால் விரிய இடம் இருந்தால்தான் அது வசதி.

எங்கள் பரிந்துரை எக்ஸ்டர் அல்லது பஞ்ச், இரண்டிலும் ஏ.எம்.டி. எக்ஸ்டரின் 4 சிலிண்டர் என்ஜின் நெரிசலில் அதிர்வில்லாமல் நிற்கும், குறுகிய பார்க்கிங்கில் லாபமும் அதுதான். பஞ்ச் 3 சிலிண்டர், அதிர்வு கொஞ்சம் தெரியும். ஆனால் 2021 குளோபல் என்கேப் மோதல் சோதனையில் பெரியவர்கள் பாதுகாப்புக்கு 5 நட்சத்திரம் வாங்கிய வண்டி. முடிவை அவர் ஓட்டிப் பார்த்தபின் எடுங்கள். டெஸ்ட் டிரைவ் என்று காலியான சர்வீஸ் ரோட்டில் ஒரு சுற்று சுற்றிக் காட்டுவார்கள். அது போதாது. காலை எட்டரைக்கு, அவர் போகிற வழியிலேயே கேளுங்கள். ஊர்ந்து போவது, ஒரு யூ-டர்ன், ஒரு ரேம்ப், உங்கள் வீட்டுப் பார்க்கிங்கில் ரிவர்ஸ் எடுத்து நிறுத்துவது, இந்த நான்கையும் அவரே செய்து பார்க்க வேண்டும்.

பெட்ரோல் செலவையும் போட்டுப் பார்த்துவிடுங்கள். மாதம் 22 நாள் என்றால் 880 கிலோமீட்டர். நெரிசலில் லிட்டருக்கு 12 கிடைத்தால் 73 லிட்டர். லிட்டர் 101 ரூபாய் என்று வைத்தால் மாதம் சுமார் 7,400 ரூபாய். விளம்பரத்தில் போடும் மைலேஜை வைத்துக் கணக்குப் போட்டால் மாதாமாதம் ஏமாற்றம்தான்.

என் உயரம் 4 அடி 11 அங்குலம். கணவர் எனக்காகப் பார்த்திருக்கும் எஸ்யூவியில் உட்கார்ந்தால் பானட்டே தெரியவில்லை. ஒரு தலையணை போட்டுக்கொண்டால் சரியாகிவிடும் என்கிறார். சரியாகுமா?
வாசகி, மதுரை

ஆகாது. தலையணை போடவே போடாதீர்கள். மோதலில் அது அமுங்கி, நழுவும். அதோடு இடுப்பும் சீட் பெல்ட்டுக்கு அடியில் முன்னால் சறுக்கும். இடுப்பெலும்பைப் பிடிக்க வேண்டிய பெல்ட் வயிற்றில் ஏறி அழுத்தும்.

உங்களுக்குத் தேவை டிரைவர் சீட்டை உயர்த்தும் லீவர். சீட்டின் பக்கவாட்டில் இருக்கும், மேலே இழுக்க இழுக்க சீட் கொஞ்சம் கொஞ்சமாக ஏறும். பல வண்டிகளில் அடிமட்ட வேரியன்ட்டில் இது இருக்காது. சன்ரூஃபுக்குக் கொடுக்கும் பணத்தை இதற்குக் கொடுங்கள். அடுத்தது, முன்னும் பின்னும் நகரும் ஸ்டீயரிங். மேலும் கீழும் மட்டும் அசைவது உங்களுக்குப் பாதி உதவிதான். கைலாக், பிரெஸ்ஸா, ஃபிராங்க்ஸ் போன்றவற்றில் இது கிடைக்கிறது, எந்த வேரியன்ட்டில் என்று பார்த்து வாங்குங்கள்.

ஷோரூம் வண்டியில் இந்த வரிசையில் உட்கார்ந்து பாருங்கள். இடுப்பைச் சீட்டின் பின்மூலை வரை தள்ளி உட்காருங்கள். சீட்டை உயர்த்துங்கள். பிறகு முன்னால் நகர்த்தி, பிரேக்கை முழுக்க அழுத்துங்கள். அப்போதும் முழங்கால் கொஞ்சம் மடங்கியிருக்க வேண்டும். முதுகுச் சாய்வைச் சரிசெய்து கையை நீட்டினால் மணிக்கட்டு ஸ்டீயரிங்கின் உச்சியில் படிய வேண்டும். கடைசியாக, மார்பெலும்புக்கும் ஸ்டீயரிங்கின் நடுவுக்கும் இடையே ஒரு ஸ்கேலை வையுங்கள். 25 செ.மீ. இருக்க வேண்டும். அதற்குக் குறைந்தால் ஏர்பேக் விரியும் வேகமே அடியாகிவிடும். சீட்டை என்ன செய்தும் 25 வரவில்லை என்றால் அந்த வண்டி உங்களுக்கு இல்லை, கணவர் புக் செய்திருந்தாலும் மாற்றிவிடுங்கள்.

பெல்ட் கழுத்தை உரசாமல் தோளின் நடுவில் போகிறதா என்றும் பாருங்கள். வண்டியின் கதவோரத் தூணில் பெல்ட்டை ஏற்றி இறக்கும் வசதி இருந்தால் நல்லது.

பானட் முழுக்கத் தெரிய வேண்டும் என்பதில்லை. முன்னால் எவ்வளவு தரை மறைகிறது என்பதுதான் கேள்வி. ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலை பம்பருக்கு நேர் எதிரே தரையில் வைத்து, கணவரை அதைக் கொஞ்சம் கொஞ்சமாக வண்டியிலிருந்து விலக்கி நகர்த்தச் சொல்லுங்கள். சீட்டிலிருந்து பாட்டிலின் மூடி உங்கள் கண்ணுக்குத் தெரிந்ததும் நிறுத்தி, பம்பரிலிருந்து அந்த இடம்வரை அளந்து குறித்துக்கொள்ளுங்கள். இரண்டு மூன்று வண்டிகளில் இதைச் செய்தால் வித்தியாசம் கண்கூடாகத் தெரியும். எண் குறைவாக வருவதை எடுங்கள். தெருவில் விளையாடும் குழந்தை அந்த இடத்தில்தான் நிற்கும்.

கணவர் குன்னூரிலிருந்து தினமும் ஊட்டிக்கு வேலைக்குப் போகிறார். இடது முழங்கால் வலியால் ஆட்டோமேட்டிக் தேடுகிறோம். 1.2 பெட்ரோல் ஏ.எம்.டி. மலைக்குப் போதுமா?
வாசகி, குன்னூர்

ஓடும், ஆனால் திணறும். மேலே போகப் போகக் காற்று மெலிவதால், டர்போ இல்லாத என்ஜின் 100 மீட்டர் உயரத்துக்குச் சுமார் ஒரு சதவீதம் பலம் இழக்கும். ஊட்டி 2,200 மீட்டருக்கு மேல். ஆக, ஐந்தில் ஒரு பங்கு பலத்தைக் கீழேயே விட்டுவிட்டு ஏறுகிறது. டர்போ காற்றை அழுத்தி உள்ளே தள்ளுவதால் இழப்பில் பெரும்பகுதியை ஈடுகட்டிவிடும். உங்களுக்கு டர்போவும் டார்க் கன்வெர்ட்டரும் சேர்ந்த வண்டிதான் சரி: எக்ஸ்யூவி 3எக்ஸ்ஓ, கைலாக், ஃபிராங்க்ஸ் டர்போ. சீசன் நெரிசலில் ஏற்றத்தில் ஊர்ந்துகொண்டே இருந்தால் இரட்டைக் கிளட்ச் கொண்ட டி.சி.டி. கியர்பாக்ஸின் கிளட்ச் சூடாகும் என்பதால் அதை இந்தப் பாதைக்குச் சொல்லமாட்டோம்.

பட்ஜெட் காரணமாக ஏ.எம்.டி.யே எடுத்தால், கொண்டை ஊசி வளைவுக்கு முன்பே மேனுவல் மோடுக்கு மாற்றி இரண்டாவது கியரில் வைக்கச் சொல்லுங்கள். இல்லையென்றால் வளைவின் நடுவில் கியர் மாறி இழுவை அறுந்துபோகும். இறங்கும்போதும் அதே இரண்டாவதுதான், பிரேக்கை மட்டும் நம்பி இறங்கக் கூடாது. பனிமூட்டத்துக்குப் பின்கண்ணாடி வைப்பரும் டிஃபாகரும் உள்ள வேரியன்ட்டாக எடுங்கள்.

மனைவி பள்ளி ஆசிரியை. வீட்டிலிருந்து பள்ளி 7 கிலோமீட்டர். மைலேஜுக்காக டீசல் எடுக்கலாமா?
வாசகர், திருநெல்வேலி

வேண்டாம். பிஎஸ்-6 டீசலில் கரியைப் பிடித்து வைக்கும் டி.பி.எஃப். என்ற வடிகட்டி இருக்கிறது. சேர்ந்த கரி எரிந்து தீர, நல்ல வேகத்தில் பதினைந்து இருபது நிமிடமாவது விடாமல் ஓட வேண்டும். 7 கிலோமீட்டரில் என்ஜின் சூடாவதற்குள் பள்ளி வந்துவிடும். வடிகட்டி அடைத்து, எச்சரிக்கை விளக்கு எரிந்து, சர்வீஸ் சென்டருக்கு நடையாய் நடக்க வேண்டும். பெட்ரோல் போதும். வீட்டில் நல்ல எர்த் உள்ள 15 ஆம்பியர் பிளக் இருந்தால் பஞ்ச் இவி-யையும் பாருங்கள். தினம் 14 கிலோமீட்டருக்கு இரண்டு யூனிட்டுக்குக் கொஞ்சம் கூடவே ஆகும், இரவில் ஒரு மணி நேரச் சார்ஜ். எர்த் சரியில்லாவிட்டால் சார்ஜர் மின்சாரத்தை ஏற்காமல் நின்றுவிடும், முன்கூட்டியே எலக்ட்ரீஷியனை வைத்துப் பார்த்துவிடுங்கள்.

மனைவி ஓட்டப்போகிற காரை யார் பெயரில் பதிவு செய்வது? ஷோரூம் விலை 10 லட்சத்து 10 ஆயிரம். அதற்குக் கீழ் வேரியன்ட் 9 லட்சத்து 95 ஆயிரம். 15 ஆயிரம்தானே, மேலேயே போய்விடலாமா?
வாசகர், திருச்சி

15 ஆயிரம் இல்லை. 2023 நவம்பர் முதல் தமிழ்நாட்டில் 5 முதல் 10 லட்சம் வரையிலான காருக்கு வாழ்நாள் வரி 13 சதவீதம், 10 லட்சத்தைத் தாண்டினால் 18. உங்கள் கணக்கில் ஒன்றுக்கு 1,29,350, இன்னொன்றுக்கு 1,81,800. வரியில் மட்டும் 52,450 ரூபாய் கூடுதல். 10 லட்சத்துக்கு மேல் போனால் டி.சி.எஸ். (விற்பவர் நம்மிடம் வாங்கி அரசுக்குக் கட்டும் வரி) ஒரு சதவீதம், அதாவது 10,100 ரூபாய், கையிலிருந்து கட்ட வேண்டும். வருமான வரிக் கணக்கு தாக்கல் செய்யும்போது அதைக் கழித்துக்கொள்ளலாம். டி.சி.எஸ். போக, விலையும் வரியும் சேர்ந்து 67 ஆயிரத்துக்கு மேல் வித்தியாசம் வருகிற அளவுக்கு மேல் வேரியன்ட்டில் என்ன கூடுதல் என்று எழுதிப் பாருங்கள். அது பக்க ஏர்பேக்குகளோ சீட் உயர்த்தும் வசதியோ என்றால் யோசிக்கலாம். பெரிய திரையும் அலாய் வீலும் என்றால் கீழ் வேரியன்ட்டே போதும்.

வரியைப் பற்றிப் பேசும்போது இதையும் பார்த்துக்கொள்ளுங்கள். 2025 செப்டம்பர் 22 முதல், 4 மீட்டருக்குள் இருந்து பெட்ரோல் என்ஜின் 1,200 சிசி-க்குள் இருந்தால் ஜிஎஸ்டி 18 சதவீதம். டீசலுக்கு எல்லை 1,500 சிசி. 1,462 சிசி பெட்ரோல் என்ஜினுள்ள பிரெஸ்ஸா 4 மீட்டருக்குள் இருந்தும் 40 சதவீதத்தில்தான் வருகிறது.

பெயர் விஷயத்தில் எங்களுக்குச் சந்தேகமே இல்லை, மனைவி பெயரில் பதியுங்கள். இன்சூரன்ஸோடு வரும் 15 லட்ச ரூபாய் தனிநபர் விபத்துக் காப்பீடு, பதிவுப் பெயரில் இருந்து லைசென்ஸும் வைத்திருப்பவருக்குத்தான் செல்லும். உங்கள் பெயரில் பதிந்து அவர் தினமும் ஓட்டினால், யார் ஆபத்தில் இருக்கிறாரோ அவருக்கு அந்தக் காப்பீடு இல்லை. கடன் வாங்குவதாக இருந்தால் பெண்களுக்கு வட்டியில் சலுகை உண்டா என்று வங்கியில் கேளுங்கள், சில வங்கிகள் தருகின்றன.

எஸ்யூவி என்றால் வெள்ளத்தில் போகலாம்தானே? மனைவி அலுவலகத்துக்கு பள்ளிக்கரணை வழியாகத்தான் போக வேண்டும்.
வாசகர், வேளச்சேரி

ஹேட்ச்பேக்கைவிட தரையிலிருந்து ஓரிரு அங்குலம் உயரம் கூடுதல், அவ்வளவுதான். தண்ணீர் சக்கரத்தின் நடுவைத் தொடும் என்று தோன்றினால் இறங்கக் கூடாது. முன்னால் போகும் பஸ் எழுப்பும் அலை, தேங்கிய அளவைவிட மேலே வந்து காற்று உறிஞ்சும் குழாய்க்குள் போகும்.

தண்ணீரில் என்ஜின் நின்றுவிட்டால் திரும்ப ஸ்டார்ட் செய்யவே கூடாது. தண்ணீரை அழுத்திச் சுருக்க முடியாது. சிலிண்டருக்குள் போன தண்ணீரைப் பிஸ்டன் அழுத்தப் பார்க்கும்போது கனெக்டிங் ராடு வளையும், சில சமயம் பிளாக்கே உடையும். தண்ணீர் புகுந்து என்ஜினுக்கு வரும் சேதத்துக்குச் சாதாரண பாலிசி பெரும்பாலும் பணம் தராது. அதற்கு 'என்ஜின் புரொடெக்ட்' என்ற கூடுதல் பாதுகாப்பு தனியாக வாங்க வேண்டும். முதல் வருடமே போட்டுவிடுங்கள். வண்டி நின்றால் சாவியை அணைத்து இறங்கி, முடிந்தால் வண்டியை மேட்டுக்குத் தள்ளி, பேட்டரியின் நெகட்டிவ் வயரைக் கழற்றிவிட்டு, இன்சூரன்ஸ் நிறுவனத்துக்குப் போன் செய்து டோ வண்டியை வரச் சொல்ல வேண்டும். அந்த எண்ணையும் பாலிசி எண்ணையும் மனைவியின் போனில் இன்றே சேமித்து வையுங்கள்.