சேர்க்கையும் ஈர்ப்பும் – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

முதுகலை ஆய்வேட்டுக்காக ஆயிரம் பேரிடம் வினாத்தாள் கொடுக்கவிருக்கிறேன். அதில் இரண்டு கேள்விகள்: ‘உங்கள் பாலினம்: ஆண் / பெண் / மூன்றாம் பாலினம்’, ‘நீங்கள் ஓரினச்சேர்க்கையாளரா: ஆம் / இல்லை’. நெறியாளர் இரண்டையும் அடித்துவிட்டு, “எதைக் கேட்கிறாய் என்று முதலில் முடிவு செய்” என்கிறார். எளிமையாகத்தானே கேட்டிருக்கிறேன்?

ஆய்வு மாணவி

அன்புள்ள மாணவிக்கு,

நெறியாளர் பக்கம்தான் நியாயம். இரண்டாவது கேள்வியிலிருந்து தொடங்குகிறேன், சிக்கல் அங்கேதான் அதிகம்.

‘சேர்க்கை’ ஒரு செயல். ‘தன்பாலீர்ப்பு’ என்பதில் இருப்பது விருப்பம். ‘நான் தன்பாலீர்ப்பாளர்’ என்று ஒருவர் சொல்லிக்கொள்வது அடையாளம். மூன்றும் ஒரே ஆளிடம் ஒன்றாக இருக்கவேண்டும் என்பதில்லை. பெண்கள்மீது ஈர்ப்புள்ள ஒரு பெண், கணவரோடு மட்டுமே உறவுகொண்டு, தனக்கு எந்தப் பெயரும் சூட்டிக்கொள்ளாமல் வாழலாம். உங்கள் கேள்விக்கு அவர் ‘இல்லை’ என்பார். அது பொய்யுமல்ல.

1992-ல் அமெரிக்காவில் 3,432 பேரிடம் நடந்த ஆய்வு இந்த மூன்றையும் தனித்தனியாகக் கேட்டது. தன்னைத் தன்பாலீர்ப்பு அல்லது இருபாலீர்ப்பு உள்ளவராகச் சொன்ன ஆண்கள் 2.8%, பெண்கள் 1.4%. ஈர்ப்பு, செயல், அடையாளம் ஆகியவற்றில் ஏதாவது ஒன்றாவது இருந்தவர்களைக் கூட்டினால் ஆண்கள் 10.1%, பெண்கள் 8.6%. பெண்களிடம் ஆறு மடங்கு வித்தியாசம்! நீங்கள் எந்தக் கேள்வியைக் கேட்கிறீர்களோ அந்த எண்தான் கிடைக்கும்.

‘சேர்க்கை’யோடு ‘ஆளர்’ ஒட்டியதும் செயல் ஆளாகிவிடுவதைக் கவனியுங்கள். தனித்தனிச் செயல்களாகப் பார்க்கப்பட்டவை பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஒரு மனிதவகையாக மாற்றப்பட்டன என்று 1976-ல் பிரெஞ்சுச் சிந்தனையாளர் ஃபூக்கோ வாதிட்டார். ‘ஹோமோசெக்சுவல்’ என்ற சொல்லே 1869-ல்தான் அச்சேறியது. எச்ஐவி ஆய்வாளர்கள் ‘ஆண்களோடு உறவுகொள்ளும் ஆண்கள்’ என்று சுற்றிவளைத்துச் சொல்வது இந்த ஒட்டைப் பிரிக்கத்தான். அவர்களுக்கு வேண்டியது செயல் மட்டும்.

ஆகவே மூன்று கேள்வி. ஈர்ப்புக்கு ஐந்து படி, ‘ஆண்கள்மீது மட்டும்’ முதல் ‘பெண்கள்மீது மட்டும்’ வரை. ‘யார்மீதும் இல்லை’ என்பதைப் படிகளுக்கு வெளியே தனிக் கட்டமாக வையுங்கள். செயலைக் கேட்டால் காலம் சொல்லுங்கள்: கடந்த 12 மாதங்களிலா, வாழ்நாளிலா? அடையாளக் கேள்வியில் ‘தெரியவில்லை’யையும் ‘சொல்ல விரும்பவில்லை’யையும் ஒரே கட்டத்தில் அடைக்காதீர்கள், ஒன்று தேடல், மற்றது மறுப்பு. அமெரிக்கப் பாலியல் ஆய்வாளர் கின்சி 1948-ல் நடத்தையையும் மன எழுச்சியையும் 0 முதல் 6 வரை ஒரே எண்ணில் கலந்தார். பின்னர் மனநல மருத்துவர் கிளைன் அதை 21 கட்டமாக விரித்தார். உங்களுக்கு அவ்வளவு வேண்டாம். செயல் உங்கள் ஆய்வுக்கே தேவையில்லை என்றால் அந்தக் கேள்வியையும் விட்டுவிடலாம்.

இனி முதல் கேள்வி. ஒரு திருநங்கை ‘பெண்’ என்று குறிப்பார், சரியாகத்தான் குறிப்பார், உங்கள் கணக்கிலிருந்து மறைந்துவிடுவார். இடைப்பாலினர், அதாவது ஆண் உடல், பெண் உடல் என்ற வழக்கமான வகைகளில் அடங்காமல் பிறந்தவர்கள், பலரும் தங்களை ஆண் அல்லது பெண் என்றே குறிப்பார்கள். இடைப்பாலினம் உடற்கூறு பற்றியது, தனியாகக் கேட்கவேண்டும். வழக்கமான தீர்வு இரண்டு படி: பிறந்தபோது பதிவான பால், பிறகு இப்போதைய பாலினம்.

இரண்டையும் ஒரே வாக்கியத்தில் கேட்டால் என்ன ஆகும் என்பதற்கு இங்கிலாந்து, வேல்ஸின் 2021 கணக்கெடுப்பு உதாரணம். ‘நீங்கள் உணரும் பாலினமும் பிறப்பில் பதிவான பாலும் ஒன்றா?’ என்றார்கள். 2,62,000 பேர் ‘இல்லை’ என்றார்கள். ஆங்கிலம் சரளமாக வராதவர்கள் அந்த எண்ணிக்கையில் அளவுக்கு மீறி இருந்தது பிறகுதான் கண்ணில் பட்டது. 2024-ல் அந்தப் புள்ளிவிவரத்தின் தகுதி குறைக்கப்பட்டது. கனடாவோ 2021 கணக்கெடுப்பில் இரண்டு தனிக் கேள்விகளாகக் கேட்டு, 15 வயதும் அதற்கு மேலும் உள்ள ஏறத்தாழ 3.05 கோடிப் பேரில் 1,00,815 பேரைத் திருநர் (பிறப்பில் பதிவான பாலும் இப்போதைய பாலினமும் வேறானவர்கள்) அல்லது ஆண், பெண் இரண்டிலும் அடங்காதவர்கள் என்று எண்ணியது. தமிழில் ஆபத்து இன்னும் கூடுதல். பாலையும் பாலினத்தையும் நாம் மாற்றி மாற்றிப் புழங்குகிறோம்.

சின்னக் கணக்கு ஒன்று. உங்கள் ஆயிரம் பேரில் ஐந்து பேர் திருநர் என்று வையுங்கள். மீதி 995 பேரில் நூற்றுக்கு ஒருவர் கேள்வி புரியாமல் தவறாகக் குறித்தால் அதுவே பத்து. பதினைந்து பேர் கிடைத்தார்கள் என்று மகிழ்வீர்கள், மூன்றில் இரண்டு பங்கு பிழை. இரு விடைகளும் வேறுபட்டால், “இப்படிக் குறித்திருக்கிறீர்கள், சரிதானா?” என்று மூன்றாவதாகக் கேளுங்கள். அச்சிடும் முன் எட்டுப் பத்துப் பேரிடம் வாசிக்கக் கொடுத்து, விடையை விட்டுவிட்டு, என்ன புரிந்தது என்று மட்டும் விசாரியுங்கள்.

அந்த ஐந்து பேரை வைத்துச் சதவீதம் போடாதீர்கள். அவர்களைப் பற்றித்தான் ஆய்வு என்றால் தனியாகத் தேடிச் சென்று நேர்காணல் எடுக்கவேண்டும். வயது, ஊர், தொழில், பாலினம் நான்கையும் ஒரே அட்டவணையில் போட்டால் பெயர் இல்லாமலே ஆளைக் கண்டுபிடித்துவிடலாம். ஊரை எடுத்துவிடுங்கள்.